அப்பாவின் காதும் விருது பெற்ற படங்களும்

சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டாகச் சனிக்கிழமை மாலைதோறும் நானும் என் அப்பாவும் விருது பெற்ற படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வருகிறோம். தொடங்கியபோது எனக்கிருந்த கருத்துகளில் பாதிக்கு மேல் இப்போது மாறிவிட்டன. அந்த மாற்றத்தைப் பற்றி எழுதி, உங்கள் எண்ணத்தையும் கேட்க விரும்புகிறேன்.

அப்பா தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். 1960களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தார். ஆயாவிடம் கற்ற தமிழும், பள்ளியில் கற்ற ஆங்கிலமும், முப்பது ஆண்டுகள் தையல் தொழிற்சாலையில் உடன் உழைத்தவர்களிடம் கற்ற ஜூலுவும் அவர் காதில் ஒன்றாக வாழ்கின்றன. சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டதால், திரையில் முகங்களும் அசைவுகளும் அவருக்குத் தெரிகின்றன; எழுத்துகள் தெரிவதில்லை. எனவே சப்டைட்டிலோடு வரும் படமென்றால் நான் அதை உரக்கப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் 'பாரசைட்' பார்த்தோம். 2019இல் கான் விழாவின் தங்கப்பனை விருதையும், அடுத்த ஆண்டு நான்கு ஆஸ்கர்களையும் பெற்ற கொரியப் படம் அது. ஆங்கிலமல்லாத மொழியில் எடுக்கப்பட்ட ஒரு படத்துக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது அதுவே முதல் முறை. நான் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்து வியந்திருந்தேன். அரை மணி நேரம் நான் படித்ததைக் கேட்டபின் அப்பா, "நீ படிப்பதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்மா, அவர்கள் பேசுவதை நான் எப்போது கேட்பது?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழைத் தகப்பனின் பேச்சும் பணக்காரத் தகப்பனின் பேச்சும் என் வாயில் ஒரே குரலாகிவிட்டன. யார் யாரிடம் பணிந்து பேசுகிறார், எந்த இடத்தில் பணிவு விலகுகிறது என்பவற்றைத்தான் அந்தப் படம் முழுவதும் சொல்கிறது. நான் படித்ததில் அவை எதுவும் இல்லை.

அடுத்த வாரம் நம் நாட்டின் 'சோட்சி'. கேவின் ஹூட் இயக்கி, 2006 மார்ச்சில் சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. ஜொகன்னஸ்பர்க் புறநகர்க் குடிசைப் பகுதியில் வாழும் இளைஞன் ஒருவன், ஒரு பெண்ணைச் சுட்டுவிட்டு அவளது காரைக் கடத்துகிறான். பின்னிருக்கையில் கைக்குழந்தை ஒன்று இருப்பதைப் பிறகுதான் காண்கிறான். ஜூலுவும் சோசாவும் ஆப்பிரிக்கான்ஸும் கலந்த தெருமொழி அதில் ஓடுகிறது. நான் படிக்கத் தொடங்கியதும் அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். எல்லாச் சொல்லும் அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் விளங்கியது போதும் என்றார். துப்பாக்கி முனையில் இளந்தாய் மிரியாம் அந்தக் குழந்தைக்குப் பாலூட்டும் காட்சியில், மிரட்டும் அந்தப் பையனின் குரல் மெல்ல மெல்ல ஒரு சிறுவனின் குரலாக இறங்குவதை எனக்கு முன்பே கவனித்தவர் அவர்தான். நானோ அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தும் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதன் பிறகு நாங்கள் பார்த்தவற்றுள் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலாவது, 2023இல் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்'. முதுமலையில் ரகு, அம்மு என்னும் யானைக் கன்றுகளை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும் தங்கள் தமிழில் யானையைக் கொஞ்சுகிறார்கள், கண்டிக்கிறார்கள், சாப்பிட அழைக்கிறார்கள். புலியால் தன் முதல் கணவரை இழந்த கதையைப் பெள்ளி சொல்லும்போது, அப்பா தன் நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது 'தீபன்'. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் இந்தப் படம் 2015இல் தங்கப்பனை பெற்றது. வசனத்தின் பெரும்பகுதி ஈழத்தமிழ். முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு குடும்பமாக நடித்துப் பிரான்சுக்குப் போகிறார்கள். அங்கே சொல்லப்படும் நகைச்சுவை புரியவில்லை என்று தீபன் வருந்தும்போது, தமிழிலும் உனக்கு அது வராது என்னும் பொருள்பட யாழினி பதில் சொல்வாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். உலகின் மிகப் பெரிய திரைப்பட விருதுகளுள் ஒன்றைப் பெற்ற ஒரு படத்தில், வாய்விட்டுச் சிரிக்க அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படாத அந்த மாலையை நான் மறக்கமாட்டேன்.

மூன்றாவது 'காந்தி'. ரிச்சர்ட் அட்டன்பரோவின் இந்த 1982ஆம் ஆண்டுப் படம் எட்டு ஆஸ்கர்களைப் பெற்றது. முழுவதும் ஆங்கிலம், அப்பாவுக்கு ஒரு சொல்லும் தவறவில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நேட்டாலில் இருந்தபோது அவரோடு நின்ற நம் சனங்கள் ஒருவரும் இதில் வாய் திறக்கவில்லையே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: படத்தில் வாழும் மனிதர்கள் தங்கள் வாழ்வை எந்த மொழியில் வாழ்ந்தார்களோ அந்த மொழியை அவர்களிடமிருந்து பறித்துவிட்ட படம், எத்தனை விருது பெற்றிருந்தாலும், எனக்குப் பாதிப் படமே. இந்த அளவுகோல் சரியா என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.


மாரிட்ஸ்பர்க் இளையவன் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை மனம் நெகிழ்ந்து படித்தேன். ஆயினும் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடம் இருக்கிறது. அப்பாவுக்கு விளங்கிய மொழிகளில் அமைந்த படங்கள் அவரைத் தொட்டன. விளங்காத கொரிய மொழிப் படம் தொடவில்லை. இது படத்தின் தகுதியைப் பற்றியதா, கேட்பவரின் பழக்கத்தைப் பற்றியதா? எனக்குக் கொரிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. இருந்தும் 'பாரசைட்' படத்தில் வீட்டுப் பணிப்பெண்ணின் கணவர் நிலவறையில் ஒளிந்து வாழ்வது தெரியவரும் காட்சி என்னை உலுக்கியது. நம் நாட்டில் பெரிய வீடுகளின் பின்கட்டில் பணிப்பெண்ணுக்கென்று கட்டப்பட்ட ஒற்றை அறைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். கணவனையோ பிள்ளையையோ அந்த அறையில் இரவு தங்கவைத்ததற்காகப் பெண்கள் கைதான காலத்தை எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் படம் என்னோடு பேச ஒரு மொழியும் தேவைப்படவில்லை.

'காந்தி' படத்தைப் பொறுத்தவரை, என் ஊர் ரயில் நிலையத்தில் அவர் இறக்கிவிடப்பட்ட 1893ஆம் ஆண்டு இரவை உலகம் முழுவதும் தெரிந்துகொண்டது அந்தப் படத்தால்தான். இங்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் பலர் அந்தப் படத்தைச் சொல்லித்தான் நிலையத்துக்கு வழி கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் எடுத்திருக்காவிட்டால் இது நடந்திருக்குமா?


சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நான் தெளிவாக எழுதவில்லை. படத்தின் மொழி எனக்கோ அப்பாவுக்கோ தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது படத்தில் உள்ளவர்களுடைய மொழியாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறேன். அந்த வகையில் 'பாரசைட்' என் அளவுகோலில் முழுமையாகத் தேறுகிறது. அப்பாவுக்கு அது எட்டாமல் போனதற்கு அவர் கண்ணும் என் வாசிப்பும் காரணம். அந்தப் படத்தின்மேல் குறையில்லை.

என் மனத்தில் இருந்தது 'ஸ்லம்டாக் மில்லியனர்' போன்ற படம். மும்பைக் குடிசைப் பகுதியில் ஓடி விளையாடும் சிறு குழந்தைகள் இந்தியில் பேசுகிறார்கள். அந்தப் பகுதி முழுவதும் உயிரோடு இருக்கிறது. அதே பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். தெருவில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு அப்படியொரு ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கியதும் நான் படத்துக்கு வெளியே வந்துவிட்டேன். எட்டு ஆஸ்கர் பெற்ற படத்தைப் பற்றி இப்படிச் சொல்வது பலருக்கு வருத்தம் தரலாம். ஏ.ஆர்.ரகுமான் அதற்காக இரண்டு ஆஸ்கர்களைப் பெற்று, மேடையிலேயே "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னபோது, நம் நேரப்படி திங்கட்கிழமை விடியற்காலையில் விழித்திருந்து கேட்டு அழுதவர்களுள் நானும் ஒருத்தி. அந்தப் படத்தால் எனக்குக் கிடைத்தவற்றுள் மிக உண்மையான வசனம் படத்துக்கு வெளியே, அந்த மேடையில்தான் ஒலித்தது என்று இப்போது தோன்றுகிறது.


லெனேசியா முதியவர் எழுதியது:

மகளே, உன் அப்பா கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதாமல் இருக்க முடியாது.

'காந்தி' படம் ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வந்தது. அதில் பென் கிங்ஸ்லியின் நடிப்பு குறைசொல்ல முடியாதது. ஆயினும் நம் நாட்டில் நடக்கும் பகுதியில் விடுபட்டவை சிறியவை அல்ல. இந்தியர்களின் பதிவுச் சான்றான அனுமதிச்சீட்டுகளை எரித்ததை எடுத்துக்கொள். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜொகன்னஸ்பர்க்கில் ஹமீதியா பள்ளிவாசலுக்கு முன்னால் மக்கள் திரண்டு, 2,000க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகளைப் பெரிய இரும்புக் கொப்பரையில் இட்டுக் கொளுத்தினார்கள். படத்திலோ ஒரு சிறு கூட்டம் நிற்கிறது. காந்தி அடிபட்டுக்கொண்டே சீட்டுகளை ஒவ்வொன்றாக நெருப்பில் இடுகிறார். பார்ப்பதற்கு நெஞ்சை உருக்கும் காட்சிதான். ஆனால் அந்த நெருப்பு கூட்டத்தினுடையது. படம் அதை ஒருவருடையதாக்கிவிட்டது. அந்தப் போராட்டத்தில் திரும்பத் திரும்பச் சிறை சென்ற தம்பி நாயுடு படத்தில் இல்லை.

இன்னொன்று. மாரிட்ஸ்பர்க் தம்பி தன் ஊர் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதினார். அதே ஊரின் சிறையில்தான் தில்லையாடி வள்ளியம்மை கடுங்காவல் அனுபவித்தாள். ஜொகன்னஸ்பர்க்கில் 1898இல் பிறந்த பெண். ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள்மேல் விதித்த மூன்று பவுன் தலைவரியையும், நம் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும் எதிர்த்து 1913இல் நடந்த போராட்டத்தில் தாயோடு சேர்ந்து நடந்தவள். காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தாள். பிராம்ஃபாண்டெய்ன் இடுகாட்டில் இருக்கும் அவள் கல்லறைக்கு என் பேரப்பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைத்துச் செல்கிறேன். அங்கேயே, 1909இல் சிறைக் கொடுமையால் இறந்த நாகப்பனும் இருக்கிறான். முதல் முறை போனபோது என் மூத்த பேத்தி, "தாத்தா, அந்தப் படத்தில் இவர்கள் எங்கே வருகிறார்கள்?" என்றாள். உன் அப்பாவும் அதையேதான் கேட்டிருக்கிறார்.

இருந்தாலும் அந்தப் படத்தைத் தள்ளிவிட என்னால் முடியாது. அந்தப் பேத்திக்குக் கேள்வி எழுந்ததே படத்தைப் பார்த்ததனால்தான்.


பீனிக்ஸ் தமிழாசிரியை எழுதியது:

இங்கே 'சோட்சி' பற்றி இத்தனை உயர்வாக எழுதப்பட்டிருப்பதால், அதற்கு முந்தைய ஆண்டு அதே ஆஸ்கர் பிரிவின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்று, விருது பெறாமல் திரும்பிய நம் நாட்டுப் படத்தை நினைவூட்ட விரும்புகிறேன். டேரல் ரூட் இயக்கிய 'யெஸ்டர்டே'. முழுக்க ஜூலு மொழியில் எடுக்கப்பட்ட படம். 2005இல் ஸ்பெயின் நாட்டின் படத்துக்கு விருது போனது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் விருது பெற்ற 'சோட்சி' எல்லார் நினைவிலும் இருக்க, 'யெஸ்டர்டே' மறக்கப்பட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் வாழும் ஓர் இளம்தாயின் கதை அது. அவள் பெயரே யெஸ்டர்டே. நோய்வாய்ப்பட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நெடுந்தொலைவு நடந்து மருத்துவமனைக்குப் போகிறாள், வரிசை நீளமாக இருப்பதால் மருத்துவரைப் பார்க்காமலே திரும்புகிறாள், மீண்டும் போகிறாள். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, ஜொகன்னஸ்பர்க் சுரங்கத்தில் வேலை செய்யும் கணவனிடம் சொல்லப் போனால் அவன் அடிக்கிறான். பிறகு அவனே நோயால் நைந்து வீடு திரும்புகிறான். ஊரார் அவனை அருகில் வைத்துக்கொள்ள மறுக்கவே, பழைய தகரங்களையும் கழிவுப் பொருள்களையும் சுமந்து வந்து ஊருக்கு வெளியே அவனுக்கென ஒரு குடிலைத் தன் கையால் கட்டுகிறாள். மகள் பள்ளியில் சேரும் நாள்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதே அவளுடைய ஒரே ஆசை. லெலெட்டி குமாலோ அந்தப் பாத்திரத்தில் நடிக்கவில்லை, மூச்சு விட்டார் என்றே சொல்வேன்.

இந்தப் படத்தில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, துடிக்கும் இசை இல்லை. வறுமையோடு ஆயுதமும் சேர்ந்து வந்தால் உலகம் சட்டென்று திரும்பிப் பார்க்கிறது. வறுமை பொறுமையோடு வந்தால் அத்தனை விரைவில் பார்ப்பதில்லை. விருதுக் குழுக்களை மட்டும் நான் குறைகூறவில்லை. நம் வீடுகளிலும் எத்தனை பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள்? அந்த ஆண்டுகளில் நான் பாடம் நடத்திய வகுப்புகளில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். காரணம் என்னவென்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மௌனத்தை உடைத்துப் பேசிய படம் அது.

சாட்ஸ்வொர்த் மகளின் அளவுகோலுக்கு ஏற்ற ஒரு செய்தியும் அதில் இருக்கிறது. மருத்துவமனையில் இருக்கும் வெள்ளைக்கார மருத்துவர் யெஸ்டர்டேயிடம் ஜூலுவில் பேசுகிறார். அந்த ஒரு காரணத்தாலேயே அவளால் தன் உடம்பைப் பற்றி வெட்கமில்லாமல் பேச முடிகிறது. மொழி ஒரு மனிதருக்கு என்ன தருகிறது என்பதை அந்தக் காட்சியைவிடத் தெளிவாகக் காட்டிய படம் எனக்குத் தெரியவில்லை.


கேப் டவுன் பயணி எழுதியது:

எல்லாரும் பேச்சைப் பற்றியே எழுதுகிறீர்கள். பேச்சே இல்லாத ஓர் உயிரைப் பற்றிய நம் நாட்டுப் படத்தை யாரும் குறிப்பிடவில்லை. 2021இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற 'மை ஆக்டோபஸ் டீச்சர்', நான் வாழும் ஊருக்கு அருகே, கடற்பாசிக் காட்டுக்குள் எடுக்கப்பட்டது. கிரெய்க் ஃபாஸ்டர் நாள்தோறும் அந்தக் குளிர்ந்த நீரில் மூழ்கி ஒரே ஒரு ஆக்டோபஸைக் காணப் போகிறார். அதன் கை முதல்முறை நீண்டு அவர் விரலைத் தொடும் இடம், என்னைப் பொறுத்தவரை, இந்த இழையில் சொல்லப்பட்ட எல்லா வசனங்களுக்கும் மேலானது. சாட்ஸ்வொர்த் அக்காவின் அளவுகோல் இங்கே பயன்படாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனத்தில் ஒரு கனமும் இருந்தது. நிறப்பாகுபாட்டுக் காலத்தில் கடற்கரைகளும் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நல்ல கடற்கரைகளில் எங்கள் அப்பா தலைமுறை கால் நனைக்கவும் முடியாது. என் அப்பாவுக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. அந்தக் கடலுக்கு அடியில் இப்படியொரு காடு இருப்பதை அவர் எழுபது வயதுக்கு மேல் அந்தப் படத்தில்தான் பார்த்தார். இதைப் படத்தின் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் படம் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதைச் சொல்கிறேன்.


மாரிட்ஸ்பர்க் இளையவன் எழுதியது:

லெனேசியா ஐயா, நான் இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்கிறேன். ரயில் நிலையத்தின் கல்வெட்டைப் பலமுறை படித்திருக்கிறேன். வள்ளியம்மை இந்த ஊர்ச் சிறையில் இருந்தாள் என்பது நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். படம் பார்த்து ஊருக்கு வருகிறவர்களுக்கு வழி காட்டுவதைப் பெருமையாகச் சொன்னேன். நான் காட்டிய வழி நிலையத்தோடு நின்றுவிட்டது. அக்காவின் அப்பா கேட்ட கேள்வியின் கனம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

எனினும் 'தீபன்' பற்றி ஒரு மாறுபாடு இருக்கிறது. தமிழ் ஒலித்ததற்காக அந்தப் படத்தின் முடிவை நாம் மன்னிக்கக் கூடாது. படம் முழுவதும் அகதி வாழ்வின் அன்றாடத்தை, குடியிருப்பின் படிக்கட்டைக் கூட்டுவதையும் பள்ளியில் சேர்ப்பதையும், அத்தனை பொறுமையாகக் காட்டிவிட்டு, கடைசியில் தீபன் கத்தியும் கையுமாகக் கும்பலை வெட்டிச் சாய்ப்பதும், அடுத்த காட்சியில் இங்கிலாந்தில் பசுமையான தோட்டத்தில் குடும்பத்தோடு நிற்பதும் எனக்குப் பொருந்தவில்லை. போரிலிருந்து தப்பி வந்தவனின் உள்ளே இருப்பது போராளி மட்டுமே என்று அந்த முடிவு சொல்வதாகப்பட்டது.


சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

அந்த முடிவைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். எனக்கும் அந்த இங்கிலாந்துக் காட்சி உண்மையா கனவா என்ற ஐயம் தீரவில்லை. ஆனால் தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. தாமே போராளியாக இருந்து, அகதியாகப் பிரான்சு சென்றவர். ஓடியாருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே படத்தின் கதை இயக்குநருடையது, குரல் அந்த நடிகர்களுடையது என்று பிரித்துப் பார்க்கிறேன். கதை தவறிய இடத்தில்கூடக் குரல் தவறவில்லை. குடித்துவிட்டு அவன் தனியாகப் பாடும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

கேப் டவுன் தம்பிக்கு: ஆம், என் அளவுகோல் அங்கே பயன்படவில்லை. அப்பாவுக்கு அந்தப் படத்தின் நீல நிறம் மட்டும் தெரிந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.


லெனேசியா முதியவர் எழுதியது:

விருதுகளைப் பற்றிப் பேசும்போது நம் தலைமுறையின் ஒரு விருதையும் பதிவு செய்ய வேண்டும். நான் சிறுவனாக டர்பனில் இருந்தபோது, கிரே தெருப் பகுதியின் திரையரங்கு ஒன்றில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பார்த்தேன். 1959இல் வெளிவந்த படம். அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆப்பிரிக்க மண்ணில் ஒரு தமிழ் நடிகருக்கு விருது கொடுத்தார்கள் என்ற செய்தி எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார். அப்போது எங்களுக்கு வாக்குரிமை இல்லை, வெள்ளையர் திரையரங்குக்குள் நுழைய முடியாது, வீடுகளையும் பறித்துக்கொண்டிருந்தார்கள். வரி கேட்டவனிடம் கட்டபொம்மன் பேசும் வசனத்தை, தமிழ் சரியாக வராத என் அண்ணன் முழுவதும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். மூன்று பவுன் தலைவரிக்கு அஞ்சிய எங்கள் பாட்டனின் வீட்டில் அந்த வசனம் வேறு விதமாக ஒலித்தது. நடிப்பு மிகையானது என்று இன்றைய பிள்ளைகள் சொல்கிறார்கள், சொல்லட்டும். கூரைக்குக் கீழே இருந்த ஐந்நூறு பேருக்கும் கேட்க வேண்டிய குரல் அது.


பீனிக்ஸ் தமிழாசிரியை எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்ததும் என் மாணவர்களைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றியது. தமிழ் வகுப்பில் அவர்களுக்குக் 'காக்கா முட்டை' போட்டுக் காட்டினேன். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நடித்த இரண்டு சிறுவர்களுக்கும் தேசிய விருது கிடைத்தது. பாட்டி தோசைக்கல்லில் பேரன்களுக்குப் பீட்சா செய்து தரும் இடத்தில் வகுப்பே ஆரவாரித்தது. பேசப்படும் சென்னைத் தமிழில் அவர்களுக்கு விளங்கியது மிகக் குறைவு, சப்டைட்டிலைத்தான் படித்தார்கள். ஆனால் மறுநாள் ஒரு மாணவி, அந்தச் சிறுவன் பாட்டியை அழைக்கும் ஒலியை அப்படியே சொல்லிக் காட்டினாள். பாடநூலில் ஓராண்டாக நான் கற்பித்தும் அவள் வாயில் வராத ஒலி அது. அதனால் சப்டைட்டிலை நாம் குறைவாக எண்ண வேண்டாம். கண் படிக்கும்போதும் காது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.


சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. நீங்கள் சொன்ன பிறகு, சென்ற சனிக்கிழமை 'யெஸ்டர்டே' பார்த்தோம். தொடக்கம் முதல் முடிவுவரை நான் ஒரு சொல்லும் படிக்கவில்லை. அப்பாதான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். சப்டைட்டிலில் ஒரு வரியாக இருந்ததை அவர் மூன்று வரியாக விளக்கினார். அவள் கணவனை எந்த மரியாதைச் சொல்லால் அழைக்கிறாள், அவன் அடித்த பிறகும் அதே சொல்லால் எப்படி அழைக்கிறாள் என்பதெல்லாம் எழுத்தில் வரவே இல்லை.

அவள் தகரத்தைச் சுமந்து வந்து குடில் கட்டும் காட்சியில் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். படம் முடிந்து, விளக்கைப் போட்ட பிறகு, தையல் தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொன்னார். 2001ஆம் ஆண்டு வாக்கில் அவர் மெலிந்துகொண்டே போய், ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. யாரும் காரணம் கேட்கவில்லை. "நானும் கேட்கவில்லை. ஜூலு தெரிந்தும் கேட்கவில்லை" என்றார் அப்பா. இத்தனை ஆண்டுகளில் அவர் அந்தப் பெண்மணியின் பெயரை வீட்டில் உச்சரித்து நான் கேட்டது அன்றுதான்.

வரும் சனிக்கிழமை 'காக்கா முட்டை' பார்க்கலாமா என்று கேட்டேன். அது அடுத்த வாரம் இருக்கட்டும், இதை இன்னொரு முறை போடு என்றார்.